அம்மா பெயரில் ஏறிய ஓராண்டு

வித்தர்ன்சீ,
2026 மார்ச் 24, செவ்வாய், காலை 10.40

மதிப்பிற்குரிய அக்கா கில்லியன் அவர்களுக்கு,

தம்பி ஏட்ரியன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தான் கீத்தும் லெஸ்டரில் நலமாக இருக்கிறீர்கள் என்று கொள்கிறேன். என் இரத்த அழுத்தம் மருத்துவர் விதித்த எல்லைக்குள் நிற்கிறது. கடல் வழக்கம்போலக் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது. சென்ற மாதம் இரண்டடி மூன்று அங்குலம், நானே நாடா பிடித்து அளந்தேன். நலம் விசாரிக்கும் கடமை இத்துடன் நிறைவுற்றது. இனி ஒரு பிழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிழை என்னுடையது. இந்தச் சொற்றொடரை நான் எழுதித் தாங்கள் படித்ததில்லை என்பதால், அமர்ந்து படிக்கக் கோருகிறேன்.

அரசு ஓய்வூதியம் முழுமையாகக் கிடைக்க முப்பத்தைந்து ஆண்டுச் சந்தா வேண்டும் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. நகராட்சியின் எடை அளவு ஆய்வாளர் பணியிலிருந்து அறுபதாவது வயதில் விலகுவது என்று நான் 2009-லேயே முடிவு செய்துவிட்டேன். அன்று என் கணக்கில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருக்கும். ஒன்று குறையும். படிக்கப் போன மூன்று ஆண்டுகளை இனி மீட்க முடியாது. மீட்கக்கூடியது 2019 ஏப்ரல் முதல் 2020 ஏப்ரல் வரையிலான ஓராண்டு மட்டுமே. அம்மா இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தபோது நான் சம்பளமில்லா விடுப்பில் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்ட ஆண்டு அது. பராமரிப்பவருக்கு உரிய சலுகையைக் கேட்டிருக்கலாம். அம்மா கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். "நான் ஒண்ணும் அனாதை இல்ல" என்று சொல்லிப் பேனாவைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டார். ஆகவே அந்த ஆண்டை நானே விலை கொடுத்து வாங்க வேண்டும். விருப்பச் சந்தா, தொள்ளாயிரத்து இருபத்து மூன்று பவுண்டு. இந்த ஏப்ரல் ஐந்தாம் தேதி கடைசி நாள். தவறினால் அந்த ஆண்டு எனக்கு என்றென்றைக்கும் இல்லை, அறுபத்தொன்று வரை கசாப்புக் கடைத் தராசுகளைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பணம் கட்டுமுன் தொலைபேசியில் அழைத்துப் பதினெட்டு இலக்க எண் ஒன்றைப் பெற வேண்டும். எந்த ஆண்டுக்கு, யார் பெயரில் என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது. பெற்றேன். பச்சைக் கோப்பில் வைத்தேன். அதே கோப்பில், கடந்த அக்டோபரில் அம்மா காலமான பிறகு சமையலறை இழுப்பறையிலிருந்து நான் எடுத்து வைத்த இன்னொரு சீட்டும் இருந்தது. அம்மாவும் அதே ஆண்டுக்கு ஒரு எண் வாங்கி வைத்திருந்திருக்கிறார், கட்டவில்லை. வாங்கிய காரணம் தாங்கள் அறிந்ததே. கல்யாணமான புதிதில், மனைவிமாருக்கென்று இருந்த சின்ன முத்திரை, அதாவது குறைந்த சந்தா, அதுவே போதும், முழு முத்திரைக்குக் காசு கட்டாதே, என் ஓய்வூதியத்தில் உனக்கும் வரும் என்று அப்பா சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு நாற்பது ஆண்டு அதைச் சொல்லியே அப்பாவுக்குச் சாப்பாடு பரிமாறினார். அம்மா ஆட்ரிக்கும் எனக்கும் ஆங்கில முதலெழுத்து ஒன்றே என்பதால் இரண்டு சீட்டிலும் ஏ. கார்சைட் என்றே இருந்தது. ஏட்ரியனும் ஆட்ரியும் அகரவரிசைப்படி ஒரே உறை என்று வகுத்தவன் நான். பிப்ரவரி பதினாறாம் தேதி காலை பதினொன்று பத்துக்கு நான் கட்டிய பணம் அம்மா பெயரில் ஏறிவிட்டது.

பதினெட்டாம் தேதி அலுவலகம் முடிந்து வீடு திரும்பியபோது, இடுப்பு முறிந்த அம்மாவுக்காகப் படிக்கட்டில் பொருத்தியிருந்த, மின்சாரத்தில் ஏறி இறங்கும் நாற்காலி மாடியில் நின்றது. அதை நான் அக்டோபரிலேயே கீழே இறக்கி, இருக்கையை மடித்து, சுவரில் மின்சாரத்தையும் அணைத்திருந்தேன். இப்போது இருக்கை விரிந்திருந்தது, பட்டை அவிழ்ந்திருந்தது. பழுது என்று குறித்துக்கொண்டு இறக்கி வைத்தேன். மறுநாளும் மாடியில். அதற்கு மறுநாள் நான் முன்னறையில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போதே, நல்ல வெயிலில், பட்டப்பகலில், அது என் கண்ணெதிரே அந்த மெதுவான ரீங்காரத்தோடு ஏறிப்போனது, அக்கா. எண்பது கிலோ ஆளை ஏற்றிக்கொண்டு போனால் என்ன வேகமோ அந்த வேகம். ஆளில்லாமல் போனால் நான்கு நொடி குறைவாக ஆகும், நான் அளந்திருக்கிறேன். வெண்ணெய்க் கத்தியைக் கையில் பிடிச்சபடியே எவ்வளவு நேரம் நின்னேன்னு எனக்கே தெரியல.

பக்கத்து வீட்டு மிஸ்டர் பாக்லிங்டன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, அம்மா இப்போது தெம்பாக இருக்கிறாரே, மாடி ஜன்னலில் பார்த்தேன், கையசைத்தேன், பதிலுக்கு அசைக்கவில்லை, ஏதாவது கோபமா என்று கேட்டார். நீங்கள் அடக்கத்துக்கு வந்தீர்கள், பன்றி இறைச்சி சாண்ட்விச் நான்கு சாப்பிட்டீர்கள் என்று நினைவூட்டினேன்.

"ஆமா, வந்தேன்தான். அஞ்சுன்னு நினைக்கிறேன்," என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்ப நான் யாருக்குய்யா கையாட்டினேன்?"

அதற்கப்புறம் அவர் தோட்டத்துக்கு வருவதேயில்லை.

மார்ச் முதல் வாரத்தில், பணம் கிடைத்தது என்று சந்தா அலுவலகத்திலிருந்து நன்றிக் கடிதம் வந்தது, திருமதி ஆட்ரி கார்சைட் பெயருக்கு. அப்போதுதான் பச்சைக் கோப்பைத் திறந்து என் பிழையைக் கண்டேன். பணத்தை என் கணக்குக்கு மாற்றக் கோரி, சென்ற வியாழக்கிழமை காலை அந்த அலுவலகத்தின் உதவி எண்ணை அழைத்தேன். காத்திருப்போருக்கு ஒலிக்கும் பியானோவை ஐம்பத்திரண்டு நிமிடம் கேட்ட பிறகு ஜெனீன் என்றொரு பெண்மணி பேசினார். நான் வரிசைக்கிரமமாக எடுத்துரைத்தேன். இன்னொருவர் கணக்கைப் பற்றி அவருடைய அனுமதியில்லாமல் பேச விதி இடம் தராது என்றார். விதி சரியானது; நானும் அப்படியே செய்திருப்பேன். அம்மா காலமாகிவிட்டார் என்றேன்.

"இல்லையே கண்ணு, இங்க கணக்கு நடப்புல இருக்கே," என்றார். "செத்தவங்க பேர்ல காசு ஏறாது. ஏறியிருக்குன்னா ஆளு இருக்காங்கன்னுதான அர்த்தம்?"

இந்த வாதத்தில் நான் குறை தேடினேன். கிடைக்கவில்லை.

"அம்மாவக் கொஞ்சம் லைன்ல வரச் சொல்லு ராசா. ரெண்டு கேள்வி கேட்டுட்டு முடிச்சுவிடறேன்."

உடனே, மாடியில் அம்மாவின் படுக்கையறையில் இருக்கும் இன்னொரு தொலைபேசியை யாரோ எடுக்கும் சத்தம் கேட்டது. அந்தக் 'கிளிக்', அதற்குப் பின் அந்த மூச்சு. ஜெனீன் முழுப் பெயர் கேட்டார், வந்தது. பிறந்த தேதி கேட்டார், 1941 மார்ச் ஒன்பது என்று வந்தது. அஞ்சல் குறியீடு கேட்டார், அதுவும் வந்தது, ஒரு தடங்கல் இல்லாமல். நானே சென்ற முறை அந்தக் கேள்விகளில் தோற்றுப்போனவன், அக்கா.

"நாப்பது வருஷம் பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுல வெந்தேன்ம்மா," என்றது அம்மாவின் குரல், எனக்கல்ல, ஜெனீனுக்கு. "முழு வருஷம்னு ஒண்ணுகூட என் பேர்ல கிடையாது. அவங்கப்பன் பேச்சைக் கேட்டேன். இந்த ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்."

"அதுக்கென்னம்மா, இருக்கட்டும்," என்றார் ஜெனீன்.

"ஏன்டா ஏட்ரியன், பேச்சு மூச்சக் காணோம்? நீ அதத் திருப்பிக் கேட்டின்னா நான் கிளம்பணும். யோசிச்சுக்கோ."

வைத்துவிட்டார். ஜெனீன் மட்டும் இருந்தார். அம்மா மறுத்துவிட்டதால் தொலைபேசியில் இனி வழியில்லை, வேண்டுமானால் மறுப்புப் படிவத்தை இறப்புச் சான்றிதழோடு அஞ்சலில் அனுப்பலாம், ஐந்தாம் தேதிக்குள் போய்ச் சேர்ந்தால் ஆண்டு என் கணக்குக்கு மாறிவிடும் என்றார். இன்னும் எதிலாவது உதவ வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஐந்து நாள் யோசித்தேன். மாடிக்குப் போகவில்லை, முன்னறை சோபாவில் படுத்துக்கொள்கிறேன். மாலை நான்கு மணிக்கு மாடியில் வானொலி பேசும்போது கீழே நானும் தேநீர் போட்டுக் குடிக்கிறேன். பேசுவதில்லை. பேச என்ன இருக்கு, சொல்லுங்க, இருக்கும்போதும் அப்படித்தானே இருந்தோம். ஆனாலும் உணர்ச்சி வேறு, உரிமை வேறு. இறந்தவர் ஓர் ஆண்டை வைத்துக்கொள்வதற்கு எந்தச் சட்டப்பிரிவும் இல்லை. பணம் என்னுடையது, ஆண்டு என்னுடையது. அந்த ஆண்டில் படுக்கை விரிப்பை மாற்றியவன் நான். படிவம் நிரப்பிவிட்டேன். சான்றிதழை இணைத்து உறையை ஒட்டியிருக்கிறேன். பன்னிரண்டு மணிக்குத் தபால் எடுப்பார்கள். இக்கடிதமும் அந்த உறையும் ஒரே பெட்டியில் விழும். தாங்கள் இதைப் படிக்கும்போது எல்லாம் முறைப்படி முடிந்திருக்கும். மகன் தாயை இரண்டாம் முறை அனுப்பிவைத்தான் என்று தாங்கள் என்னைப் பழிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். இருவரும் நிறைந்த ஆயுளோடும், நிறைந்த சந்தா ஆண்டுகளோடும் வாழ வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள தம்பி,
ஏ. ப. கார்சைட்

பி.கு.: தபால் பெட்டி வரை போனேன். இக்கடிதத்தை மட்டும் போட இருந்தேன். இந்த வரிகளைச் சேர்ப்பதற்காக அதையும் திரும்பக் கொண்டுவந்தேன். மற்ற உறையைக் கிழித்துவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு ஜெனீனை அழைத்து, 2020-21ஆம் ஆண்டுக்கு அம்மா பெயரில் புதிய எண் வாங்கி, இன்னொரு தொள்ளாயிரத்து இருபத்து மூன்று பவுண்டு கட்டினேன். இலக்கங்களை மூன்று முறை சரிபார்த்தேன். இம்முறை பிழையில்லை. நான் அறுபத்தொன்று வரை வேலை பார்ப்பேன்.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னார். இந்த மாதம் நீங்கள் மூன்று முறை அழைத்து, தன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்களாம். அடுத்த முறை வைக்காதீங்க அக்கா. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் கூப்பிடுங்க, அவங்கதான் எடுப்பாங்க.