அங்கிளோடு ஓடிய ரேஸ்

காதலியின் வீட்டுக்கு முதல்முதலாகப் போகிறவன் சாப்பிடுவதற்கு மட்டும்தான் வாயைத் திறக்கவேண்டும். நான் பேசுவதற்கும் திறந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வயிறு தரையில் உரசும் அளவுக்குப் பதித்து வைத்திருந்த என் யப்பான் காரில், மெல்பேர்ண் ரோவிலிலிருந்து சிட்னி கெல்லிவில்லுக்குப் போனேன். (இடுப்பு இன்னும் சரியாகவில்லை.)

மத்தியானச் சாப்பாட்டில் என் காதலி கவிதாவின் அப்பா மரியாதைக்காகக் கேட்டார்.

"தம்பிக்குக் கார் எண்டால் விருப்பமோ?"

அவ்வளவுதான். கத்தரிக்காய்க் குழம்பு காயும்வரை கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன்.

"யப்பானில ரேஸ் எண்டால் மலைப்பாதை, அங்கிள். வளைவுக்கு வளைவு காரைச் சறுக்கவிட்டுப் பிடிக்கவேணும். அது கலை! அமெரிக்காக்காரனுக்கு நேர் ரோட்டும் பெரிய எஞ்சினும் போதும். பச்சை விழுந்தால் மிதிக்கிறது. அதுக்கு மூளை தேவையில்லை."

(இரண்டு நாட்டையும் நான் கண்ணால் கண்டதில்லை. எல்லாம் வீடியோவில் படித்த படிப்பு.)

"ஓம், ஓம்" என்ற அங்கிள், கோயிலுக்குப் போக கராஜைத் திறந்தார். உள்ளே நின்றது எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார். அதன் பொனெட்டில் இரண்டு பேர் படுக்கலாம்.

நான் கவிதாவைத் திரும்பிப் பார்த்தேன். "சொறி, சொல்ல மறந்திட்டன்" என்றாள் கவிதா, அப்பாவின் காரில் ஏறிக்கொண்டே.

அவளுடைய அம்மா அர்ச்சனைத் தட்டோடு என் காரில் ஏறினார். (ஏறினார் என்பது பிழை. என் காருக்குள் இறங்கத்தான் முடியும்.)

முருகன் கோயில் இருக்கும் மேய்ஸ் ஹில்லை நெருங்கும்போது சிவப்பு விளக்கு. பக்கத்தில் வந்து நின்ற அங்கிள், என்னைத் திரும்பியும் பாராமல் எஞ்சினை உறுமவிட்டார். பிறகு இன்னொருதரம்.

மாமனாராகப் போகிறவர் சவால் விடுகிறார்! பச்சை விழுந்தது. மிதித்தேன்.

டயர் கதறியது. புகை கிளம்பியது. தேங்காய் பின்சீட்டுக்குப் பறந்தது. "முருகா!" என்று அன்ரி போட்ட சத்தம் கோயிலுக்கே கேட்டிருக்கும். கண்ணாடியில் பார்த்தேன். அங்கிள் அப்போதுதான் ஆறுதலாக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்ற பொலிஸ் கார்தான் என்னைத் துரத்தி வந்தது.

ஓரங்கட்டினேன். யாரோடு ரேஸ் ஓடினாய் என்று கேட்டார் பொலிஸ்காரர். சரியாக அந்த நேரம் அங்கிள், எங்களை முன்பின் தெரியாதவர்போல, அளவான வேகத்தில் கடந்துபோனார். நான் விரலை நீட்டினேன். பொலிஸ்காரர் அந்த வழுக்கைத் தலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவர் என் கணவர். அவர் ஓடவில்லை. இவர்தான் தனியாக ஓடினார்" என்று அன்ரி சுத்தமான ஆங்கிலத்தில் சாட்சி சொன்னார்.

ரோட்டில் ரேஸ் ஓடியதற்குத் தண்டனையாக, முன்னும் பின்னும் நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவந்த அங்கிள் ஒன்றும் விளங்காமல் நின்றார்.

"தம்பி, இது பழைய கார். சிக்னலில மிதிக்காட்டி எஞ்சின் நிண்டிடும். அதுக்கு நீர் ஏன் ஓடினனீர்?"

அவருடைய காரின் பின்சீட்டில் குந்தியிருந்துதான் கோயிலுக்குப் போனேன். முருகனிடம் என்ன கேட்பதென்றே தெரியவில்லை.

எப்படியோ கல்யாணம் நடந்தது. ஆனால் சிட்னித் தமிழர் மத்தியில் என் பெயர் 'பிளேட் தம்பி'. போன மாதம் முன்பின் தெரியாத ஒருவர், இப்போது எனக்கு மாமியாகிவிட்ட அன்ரியின் வீட்டுக்குப் போன் எடுத்தார். மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு இருநூறு பிளேட் வாடகைக்குக் கிடைக்குமோ என்று பிளேட் தம்பியிடம் கேட்கவேண்டுமாம்.

மாமி யோசிக்கவேயில்லை.

"அவரிட்டை ரெண்டுதான் இருந்தது. அதையும் பொலிஸ் கொண்டுபோட்டுது."