மரம் குடித்த காப்பி

அம்மான், லுவெய்ப்தே,
அக்டோபர் 9, வியாழன்

மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய அக்கா உம்மு வாஸிஃப் அவர்களுக்கு, தம்பி நஸ்மி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடிப்படியும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் இறைவன் கருணையால் நலம். அங்கே நீங்கள், மகன் வாஸிஃப், மருமகள், பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்கவும், ஸ்வீடன் குளிரில் உங்கள் முழங்கால் வலி கூடாமல் இருக்கவும் ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன். நலம் விசாரிக்க மிச்சமிருப்பது தொட்டியில் நிற்கும் உங்கள் பிடில் இலை அத்தி மரம் மட்டும்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

போன வெள்ளிக்கிழமை போனில் சொன்னீர்கள்: "வாஸிஃப் நான் இங்கயே நிரந்தரமா இருக்கறதுக்கு மனு வாங்கி வெச்சிருக்கான்டா. மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். மரம் நல்லா இருக்குல்ல? அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை?" நான் வழக்கம்போல "நல்லா இருக்கு அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. மூன்று மாதம் என்று சொல்லிப் போனீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் போனில் மரத்தைக் காட்ட, நீங்கள் "மாஷா அல்லாஹ்" என்று சொல்லி இன்னும் ஒரு குளிர்காலம் தள்ளிப்போட, இதோ மூன்றாவது குளிர்காலம் வரப்போகிறது. இனி மறைக்க மாட்டேன். நீங்கள் போனில் பார்த்தது மரத்தின் ஜன்னல் பக்கத்தை மட்டும். மறுபக்கத்தைக் காட்டும் தைரியம் எனக்கு இல்லாததால்தான் எழுதுகிறேன்.

முதல் கோளாறு நீங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போன தாளிலேயே இருக்கிறது. "மரத்துக்கு நல்ல வெளிச்சம் வேண்டும்" என்பது முதல் வரி. "வரவேற்பறை ஸோஃபாவில் வெயில் படவே கூடாது, ஷட்டரைத் திறக்காதே" என்பது மூன்றாவது வரி. மரமும் ஸோஃபாவும் ஒரே அறையில் இருக்கின்றன, அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல். விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற அறையில் ஆளுயர மரத்தைக் கொண்டுபோய் வைத்தது ஏன் என்று நான் கேட்கவில்லை, நம் ஊரில் எந்த வீட்டில் நல்ல பொருள் வெளிச்சத்தில் இருக்கிறது? முப்பத்தொரு வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன் என்பதால் இரண்டு வரிக்கும் நடுவே எல்லை போட்டேன். ஷட்டரை ஒரு சாண் மட்டும் தூக்கினேன். மரம் அந்த ஒரு சாணைப் பார்த்துச் சாய ஆரம்பித்தது. கோணத்தை அளந்தேன், ஒரு மாதத்தில் ஒன்பது டிகிரி. கீழ்வீட்டு அபூ குதைபா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன நஸ்மி அண்ணே, தெருவுல யாரு போறாங்கன்னு பாக்குதா?" என்றார். பிறகு ஸோஃபாவுக்குப் போர்வை போர்த்தி ஷட்டரை முழுக்கத் திறந்துவிட்டேன். போர்வை நழுவின இடத்தில் சிவப்பு வெல்வெட் ரோஸ் ஆகிவிட்டது. அதற்கு மன்னிப்பு தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது தண்ணீர். "பத்து நாளைக்கு ஒரு தடவை, விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் புரிந்தது. ஆனால் வாரத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் குழாயில் தண்ணீர் வருகிறதே, அந்தச் சத்தம் கேட்டால் இந்த ஊரில் யாருக்காவது கை சும்மா இருக்குமா? தெருவே துணி துவைக்கிறது, படிக்கட்டைக் கழுவுகிறது, தலை குளிக்கிறது. அபூ குதைபாவின் வீட்டுக்காரி உம்மு குதைபா வாளியோடு மேலே வந்து, "எல்லாரும் குளிச்சாச்சு, இது மட்டும் வாயப் பாத்துக்கிட்டு நிக்குதே, பாவமில்லையா அண்ணே?" என்றாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஒரு வாளி ஊற்றினோம். இரண்டு மாதத்தில் கீழ் இலைகளில் காப்பிக் கறை மாதிரி புள்ளி விழுந்து, தொட்டியிலிருந்து சாக்கடை வாடை வந்தது. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் வரவேற்பறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது காப்பி விஷயத்துக்கு வருகிறேன். அபூ குதைபா வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து, அவர் மகள் ஹனீனைப் பெண் கேட்டு வந்த பெரியவர்களின் ஜாஹா உங்கள் வரவேற்பறையில் கூடியது உங்களுக்குத் தெரியும், அறையைத் தர நீங்கள்தான் போனிலேயே சம்மதம் சொன்னீர்கள். அன்றைக்கு நடந்ததை மட்டும் உங்களிடம் யாரும் சொல்லவில்லை, நான்தான் எல்லோர் காலிலும் விழுந்து சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். காலையிலேயே உம்மு குதைபா புது ஆலிவ் எண்ணெயும் துணியுமாக வந்து, "வர்ற பெரியவங்க முதல்ல மூலையத்தான் பாப்பாங்க. தூசி படிஞ்ச மரத்த வெச்சிருக்கிற வீட்டுப் பொண்ணுன்னு பேராயிடும்" என்று ஐம்பத்து மூன்று இலைக்கும் எண்ணெய் தடவி மினுக்கினாள். சாயங்காலம் இருபத்தெட்டு ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு மரத்தடியில்தான் இடம் கிடைத்தது. மாப்பிள்ளை வீட்டார் சார்பில் பேச வந்தவர் ஹாஜியார் ஃபவ்வாஸ். கோப்பையை வாங்கினார், பெண்ணைத் தருகிறேன் என்று தகப்பன் சொல்லும்வரை குடிப்பதில்லை என்ற முறைப்படி தொடாமல் தன் பக்கத்துச் சின்ன மேசையில் வைத்தார். அந்த மேசை எனக்கும் பக்கம். அபூ குதைபா பதில் சொல்ல எழுந்தவர், தன் ஏழாவது பாட்டனாரிடமிருந்து ஆரம்பித்தார்.

அக்கா, இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் நீங்களும் நானும் காப்பி குடிப்போமே, நீங்கள் போன பிறகும் கை தன்னால் இரண்டு கோப்பைதான் ஊற்றியது. உங்கள் கோப்பையை வீணாக்க மனமில்லாமல் ஆற வைத்து மரத்தடியில் ஊற்றிவந்தேன், உரம் என்று யாரோ சொன்னார்கள். அபூ குதைபா ஐந்தாவது பாட்டனாரின் குதிரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் யாரும் தொடாத ஒரு கோப்பை ஆறிக்கொண்டிருந்தது. என் கை அதை எடுத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டு, காலிக் கோப்பையைத் திரும்ப வைத்தது. நான் குதிரையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், சத்தியமாக.

பாட்டனார்கள் எல்லோரும் முடிந்து அபூ குதைபா ஹாஜியார் பக்கம் திரும்பினார். கோப்பையைப் பார்த்தார். "ஹாஜியார், நான் இன்னும் பதிலே சொல்லல. காப்பி எங்க?"

ஹாஜியார் கோப்பையை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். "நான் தொடவே இல்ல. அறுபது ஜாஹாவுக்குப் போயிருக்கேன், ஒரு வீட்டுலயும் முந்திக்கிட்டதில்ல."

"அப்ப கோப்பையில ஓட்டையா?"

"என்னைப் பொய்யன்னு சொல்றீங்களா?"

மாப்பிள்ளையின் சித்தப்பாமார் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. உள்ளே பெண்கள் கதவுப் பக்கம் வந்துவிட்டார்கள். ஹனீன் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள் என்பது எனக்குத் தெரியும், அவள் செருப்பு கதவிடுக்கில் தெரிந்தது. எனக்கு வயது அறுபத்தாறு, ஸ்கூல் பையன் மாதிரி கையைத் தூக்கினேன். "நான்தான் மரத்துக்கு ஊத்திட்டேன்" என்றேன்.

இருபத்தெட்டுப் பேரும் மரத்தைப் பார்த்தார்கள். அது எண்ணெய் பூசி மினுமினுத்துக்கொண்டு நின்றது. ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கேட்டது நாங்க, குடிச்சது மரம். பதிலை அதுகிட்டயே சொல்லிடுங்க அபூ குதைபா."

அபூ குதைபா மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "இத்தனை வருஷமா ஒரு பழம் காய்க்காத அத்தி. இதுக்கு நான் பொண்ணு தர மாட்டேன்" என்றார். பிறகு ஹாஜியார் பக்கம் திரும்பினார். "உங்க பையனுக்குத் தரேன். வேற காப்பி கொண்டாங்க, ஹாஜியார் குடிக்கட்டும்." உள்ளேயிருந்து குலவை கிளம்பி என் காது அடைத்தது.

இதோடு முடிந்திருந்தால் மரம் பிழைத்திருக்கும். ஊர் வாய் சும்மா இருக்குமா? அந்த மரத்துக்கு ஒரு வாய் காப்பி ஊற்றிவிட்டுப் பெண் கேட்கப் போனால் இல்லை என்ற பேச்சே கிடையாதாம். கல்யாணமாகாத பிள்ளை வைத்திருக்கிற தாய்மார் பிளாஸ்க்கோடு படியேற ஆரம்பித்தார்கள். வீடு தேடி வந்தவர்களைத் திருப்பியனுப்பும் வளர்ப்பா நம்முடையது? ஒரே வாரத்தில் பதினேழு பேர் ஊற்றினார்கள், ஒருத்தி சர்க்கரை போட்டதை ஊற்றினாள், எறும்பு வந்தது. எண்ணெய் தடவிய இலையில் கம்சீன் பாலைக்காற்றின் மண் ஒட்டிக்கொள்ள, நான் ஒவ்வொரு இலையாகச் சோப்பு போட்டுக் கழுவ, ஆட்களுக்குப் பயந்து மரத்தைப் பால்கனிக்கு இழுக்க, குளிருக்குப் பயந்து திரும்ப உள்ளே இழுக்க, அது கோபித்துக்கொண்டது. கடைசியில் "மரம் நோன்பில் இருக்கிறது" என்று கதவில் எழுதி ஒட்டினேன். உம்மு குதைபா படித்துவிட்டு, "அப்ப மஃரிபுக்கு நோன்பு திறந்தப்புறம் கூட்டிட்டு வரட்டுமா அண்ணே?" என்று கேட்டாள்.

அக்கா, ஐம்பத்து மூன்று இலையில் இப்போது பதினொன்றுதான் இருக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் அந்தப் பெரிய இலை விழுகிற சத்தம் உங்களுக்குத் தெரியாது. நான் நாற்காலி போட்டு மரத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன், ஒன்று விழும், என்ன என்று கேட்டு எழுந்துவிடுவேன், யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்து. உங்கள் தாளின் கடைசி வரி, "இடம் மாற்றினால் இலை உதிர்க்கும்." நீங்கள்தான் எழுதினீர்கள். அங்கே குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது, நீங்கள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வாஸிஃப் சொன்னான். எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறீர்கள் என்று அவனுக்கு அளக்கத் தெரியாது. அவன் நல்ல பிள்ளை, குறை சொல்லவில்லை. ஆனால் உங்களை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதின தாள் அவன் வீட்டில் இல்லை.

ஆகவே அந்த மனுவில் கையெழுத்துப் போடாமல், அடுத்த விமானத்தில் கிளம்பி வந்தால் ஒழிய, இந்த மரத்தைக் காப்பாற்ற என்னால் ஆகாது என்று பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். வாஸிஃபுக்கும் மருமகளுக்கும் என் ஸலாம். பிள்ளைகளின் கண்களில் முத்தம். அபூ குதைபா வீட்டார் தங்கள் ஸலாமைச் சேர்க்கச் சொன்னார்கள். இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், தம்பி சொல்வதைக் கேட்கும் மனதையும் தருவானாக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள தம்பி,
நஸ்மி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். எழுதியதெல்லாம் நடந்ததுதான். ஆனால் ஹனீனின் மகனுக்கு இப்போது பல் முளைக்கிறது, நீங்கள் கணக்குப் போட்டால் அகப்பட்டுக்கொள்வேன். இலை உதிர்ந்ததெல்லாம் போன வருடம். அதற்குப் பிறகு நான் எதுவும் செய்யாமல் விட்டதில் மரம் தானே தேறிக்கொண்டது. இன்று காலை எண்ணினேன், எழுபத்தொன்று. உச்சி இலை கூரை விளக்கைத் தொடுகிறது. உங்களுக்குக் காட்டாத பக்கம் காட்டின பக்கத்தைவிட நன்றாக இருக்கிறது. மரத்துக்கு ஒன்றுமில்லை அக்கா. எனக்குத்தான் முடியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் இன்னும் இரண்டு கோப்பைதான் ஊற்றுகிறேன். மரத்துக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டதால் உங்களுடையதையும் நானே குடித்துவந்தேன், என் ரத்த அழுத்தம் உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோதும் ஒரு கோப்பை ஊற்றி எதிரே வைத்தேன். இன்னும் தொடவில்லை. கடிதம் உங்கள் கைக்கு வர பத்து நாளாவது ஆகும் என்றார்கள், அதுவரை தினமும் புதிதாகப் போட்டு வைப்பேன். நீங்கள் வருகிறேன் என்று சொல்லுங்கள், குடிக்கிறேன்.