நீங்கள் அனுப்பிய தொப்பியால் வந்த வினை

ஹில்ஸ்பரோ, ஓக்லாந்து, நியூசிலாந்து
புதன்கிழமை

பெருமதிப்புக்குரிய மைத்துனர் நவரத்தினம் அவர்களுக்கு,

இலண்டனில் நீங்களும் மச்சாளும் உங்கள் முழங்காலும் சுகமாயிருக்க நல்லூர் முருகனை வேண்டிக்கொண்டு எழுதுவது. இவ்விடம் நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இந்த வீட்டில் சுகமாயிருப்பது உங்கள் தங்கை ரதிதேவி மட்டும்தான்.

மச்சான், எல்லாவற்றுக்கும் விதை போட்டவர் நீங்கள். அவளுடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு நீலத் தொப்பி அனுப்பினீர்களே, இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய பெண்கள் போட்டது என்று, அதற்குப் பதில் ஒரு சேலை அனுப்பியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? தொப்பியைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தாள், அன்று பிடித்தது எனக்குச் சனி. தொழிற்சாலையிலிருந்து புது விமானங்களைப் படைத்தளங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களாம், இங்கிருந்தும் சில பெண்கள் போனார்களாம், எல்லாம் எனக்குச் சோறு போடும்போது சொல்கிறாள், கறியில் உப்பில்லை என்று நான் சொல்வது மட்டும் அவளுக்குக் கேட்பதில்லை. பிறகு ஒரு பித்தளைப் பொத்தானுக்காக நகரத்தின் மேற்குக் கோடியில் ரானுயிக்கு ஓட்டம், மேற்சட்டைக்காக மழையில் துறைமுகப் பாலம் தாண்டி கிளென்ஃபீல்டுக்கு ஓட்டம். சாரதி நான்தான். அவளுக்குக் கார் ஓடத் தெரியாதே! முப்பது வருடமாகக் கோயிலோ கடையோ கலியாணவீடோ, நான் கார்த் திறப்பை எடுத்துத் திருகினால்தான் பயணம்.

போன மாதம் கிளென்ஃபீல்டில் இருக்கும் ரோஸ்மேரி என்ற மலேசியத் தமிழ்ப் பெண்ணிடமிருந்து, அவளுக்கும் இதே பைத்தியம், அந்தக் காலத்து விமானி ஒருத்தி போட்ட ஆட்டுத்தோல் சப்பாத்து ஒரு சோடி வந்து சேர்ந்தது. உள்ளே வெள்ளைக் கம்பளி. போட்ட மனுசி எப்போதோ மேலே போயிருப்பா. செத்தவர்களின் சப்பாத்தைச் சாமியறைக்குப் பக்கத்தில் வைத்தால் வீடு உருப்படுமா, நீங்களே சொல்லுங்கள். ரதி குளிக்கப் போன நேரம் பார்த்து, நல்லெண்ணத்தோடுதான், மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். தெளித்தது போதாது போலிருந்தது, மிச்சத்தை உள்ளே ஊற்றினேன். கம்பளி மஞ்சளாகிவிட்டது. பதறிப்போய்ச் சவர்க்காரம் போட்டேன், சிவப்பாகிவிட்டது. பார்க்க வந்த ரோஸ்மேரி, "என்ன அங்கிள், பூட்ஸுக்குத் திருஷ்டி கழிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். உங்கள் தங்கை சப்பாத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கொடியில் காயப் போட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போகும்போது அந்த ரோஸ்மேரி, தன்னிடம் ஒரு விமானியின் தோல் கையுறை இருக்கிறது, வலக்கை மட்டும்தான், வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் ரோசம் இருக்குத்தானே? "இனி உந்தக் குப்பைக்கு நான் கார் எடுக்கமாட்டன்" என்றேன்.

அவள் ஆறுதலாகச் சொன்னாள்: "அந்தப் பொம்பிளையள் முன்பின் காணாத பிளேனில ஏறி, ஒரு சின்னக் கைப்புத்தகத்தைப் பாத்துப் பாத்து ஓடினவை. எனக்கு உந்தக் கொரோலாவை ஓட ஏலாதோ?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பழகுகிற லைசன்ஸ் எப்போதோ எடுத்து வைத்திருந்தாளாம், அடுத்த நாளே கார் பழக்குகிற ஆள் வாசலில் வந்து நிற்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை கார் ஓட்டச் சோதனை. அதற்கு முதல் நீங்கள் போன் எடுத்து, தமையன் என்ற முறையில், "இந்த வயதில் உனக்கேன் இது" என்று ஒரு அதட்டு அதட்ட வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். பென்சன் எடுத்த நாளிலிருந்து இந்த வீட்டில் என்னுடைய வேலை அந்தத் திறப்பு ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் அவளுக்கு நான் எதற்கு?

மச்சாளுக்கு என் அன்பும், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகளும். முருகன் உங்கள் முழங்காலுக்கும் எனக்கும் ஒரு வழி காட்டட்டும்.

இப்படிக்கு,
அன்பு மைத்துனர்
குணரத்தினம்

பி.கு.: எழுத்துப்பிழை திருத்தி இந்த ஈமெயிலை அனுப்புவதற்குள் வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. பாஸ் பண்ணிவிட்டாள். "ஏறுங்கோ, கையுறை எடுக்கப் போவம்" என்றாள், தலையில் உங்கள் தொப்பி. பாலத்தில் ஏறியதும் முருகா என்று கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணைத் திறவுங்கோ, கடலைப் பாருங்கோ" என்றாள். பார்த்தேன். முப்பது வருடமாக அந்தப் பாலத்தில் முன்னால் போகிற லொறியின் பின்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன், மச்சான். என்ன வடிவான கடல்! ஆகவே அவளுக்குப் புத்தி ஒன்றும் சொல்ல வேண்டாம். அங்கே சந்தையில் இடக்கைக் கையுறை கண்ணில் பட்டால் உடனே அனுப்புங்கள். மஞ்சள் தெளிக்க மாட்டேன்.