கடல்பசுவின் குரல் குறித்து

கப்பலில் இருக்கும் என் அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் மருமகளும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று, இனி விஷயம்.

உன் மனைவி கடல்பசுவைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்கு இசையமைப்பது உனக்குத் தெரியும். அந்தப் பிராணி தன்பாட்டுக்குக் கடலடியில் புல் மேய்கிறது, மூச்சு விட மேலே வருகிறது, மறுபடி மேயப் போய்விடுகிறது, அவ்வளவுதான். இதுக்கு என்னன்னு மெட்டுப் போடறது? மூணு வாரமா அவ போட்டதையெல்லாம் இயக்குநர் அம்மா திருப்பி அனுப்பிட்டாங்க. ஒண்ணு அழுமூஞ்சியா இருக்காம், இன்னொண்ணு கல்யாண வீடியோ மாதிரி இருக்காம். அடுத்ததும் சரிப்படலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்னுட்டாங்க. மருமக பியானோ முன்னாடி உட்கார்ந்து, வாசிக்காம, கட்டைகளைத் துடைச்சுக்கிட்டே இருந்தா.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், சும்மா கேட்டுப் பாருங்க மாமான்னு ஹெட்போனை என் தலையில மாட்டிவிட்டா. திரையில பச்சை வெளிச்சம். கடல்புல் எல்லாம் ஒரே பக்கமாச் சாயுது, நிமிருது, சாயுது. கொஞ்ச நேரத்துல நாற்காலி எங்கே போச்சுன்னே தெரியலை. நானும் தண்ணிக்குள்ளே இருக்கேன். முழங்கால் வலி இல்லை. பக்கத்துல சாம்பல் நிறத்துல ஒரு பெரிய முதுகு. அதுக்கும் எனக்கும் பேச ஒண்ணுமில்லை, ஆனா ரெண்டு பேருக்கும் அது சம்மதமா இருந்தது. கண்ணைத் திறந்தா மணி நாலு. மருமக ஏனோ சிரிச்ச முகமா மைக்கை மடக்கி வெச்சுக்கிட்டிருந்தா. எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் அம்மா நேரிலேயே வந்தாங்க. நான் பிஸ்கட் தட்டோட உள்ளே போறேன், இசை ஓடுது. பியானோவுக்கு அடியில, கிணத்துக்குள்ளே யாரோ யோசிக்கிற மாதிரி, 'ம்ம்ம்ம்'னு நீளமா ஒரு குரல். அந்தம்மாவுக்குக் கண் கலங்கிடுச்சு. மூணு வருஷம் கடலுக்குள்ளே மைக்கை இறக்கிக் காத்துக் கிடந்தும் இப்படி ஒரு கடல்பசு கிடைக்கலையாம். உனக்கு எங்கே கிடைச்சதுன்னு கேட்டாங்க. மருமக வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா என் மானம் தப்பிச்சிருக்கும்.

"அது கடல்பசு இல்லை மேடம். தூக்கத்துல எங்க மாமா."

அந்தம்மா என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாங்க. மருமக மறுபடியும் பியானோ கட்டைகளைத் துடைக்க ஆரம்பிச்சுட்டா. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க: "மிருகத்தோட குரல்னு போட்டா அது பொய். பாட்டுன்னு போட்டா பொய் இல்லை. அப்படியே இருக்கட்டும்." கடைசியில ஓடற பெயர்ப்பட்டியல்ல 'குரல்' என்ற இடத்துல என் பேராம்.

முப்பத்திரண்டு வருடம் நில அளவையாளனாக மதிப்போடு இருந்தவன், ஊரறியக் குறட்டைக்குப் பேர் வாங்குவதா? நீ உடனே அவளோடு பேசி அதை நீக்கச் சொல்ல வேண்டும்.

நீ நல்லபடியாகக் கரை சேர மனமார ஆசீர்வதிக்கும்,
அப்பா

பி.கு.: அவளிடம் எதுவும் பேசிவிடாதே. அந்தம்மாவின் அடுத்த படம் காண்டாமிருகமாம். இன்னும் யாரையும் முடிவு செய்யவில்லை என்று கேள்வி. நேற்றிலிருந்து உப்புப் போட்டுத் தொண்டை கொப்பளித்து வருகிறேன்.