நிகர எடை ஒரு கிலோ

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் மகளின் மாமனார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும், அவள் வயிற்றில் இருக்கும் நான்கு மாதத்து ஆசாமியும் சௌக்கியம். அங்கே உங்கள் உடைந்த காலும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் மாவுக்கட்டும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். கப்பலில் வேலைக்குப் போயிருக்கும் என் மகனிடமிருந்து சென்ற வாரம் தகவல் வந்தது. கடல் அமைதியாக இருக்கிறதாம், சாப்பாடுதான் வாய்க்கு விளங்கவில்லையாம். அவன் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் அப்போது இந்த வீட்டில் யாரும் இல்லை.

கல்யாணம் ஆன இந்த மூன்று வருடத்தில் நீங்களும் நானும் போனில் "சௌக்கியமா?", "சௌக்கியம்", "இதோ குடுக்கிறேன்" என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை. இன்று நன்றி சொல்லலாம் என்று போனை எடுத்தாலும் பழக்க தோஷத்தில் சௌக்கியம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன் என்று பயந்து, கடிதமாகவே எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலை நீட்டி உட்கார்ந்திருப்பவருக்குப் படிக்க ஏதாவது வேண்டும்தானே.

உங்களுக்கு முழு விவரம் தெரியாது. நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று உங்கள் மகள் மறைத்துவிட்டாள். மூன்று வாரமாக அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அடுப்பில் வெங்காயம் வதங்கினால் குளியலறைக்கு ஓடுவாள். வெங்காயம் என்று சொன்னாலும் ஓடுவாள். நாற்பத்தொன்பது கிலோ இருந்தவள் நாற்பத்தாறு கிலோ நானூறு கிராமுக்கு வந்துவிட்டாள். டாக்டரம்மா செவ்வாய்க்கிழமை அவளைப் பார்த்துவிட்டு, வரும் திங்கட்கிழமை இதற்குக் கீழே ஒரு முள் இறங்கினாலும் படுக்கையில் சேர்த்து ஊசி வழியாகத்தான் ஆகாரம் ஏற்ற வேண்டும், குழந்தைக்கும் நல்லதல்ல என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். ஐம்பது கிராம் குறைத்து நிறுத்த வியாபாரிகளை எல்லாம் நடுங்க வைத்தவன். ஆனால் ஒரு எடைக்குறைவைக் கண்டு நான் நடுங்கியது அன்றைக்குத்தான்.

என்னதான் சாப்பிடத் தோன்றுகிறது என்று கேட்டேன். "அம்மா ஞாயித்துக்கிழமை தர்ற ஸ்கோன் இருந்தா சாப்பிடுவேன் மாமா" என்றாள். அந்தச் சொல்லையே நான் கேள்விப்பட்டதில்லை. பன்னுமில்லாமல் பிஸ்கட்டுமில்லாமல் நடுவில் ஒரு ஜாதி, முழுக்கோதுமை மாவில் செய்வது, உள்ளே உலர்ந்த திராட்சையும் பேரீச்சையும் இருக்கும் என்று விளக்கினாள். எங்கள் பகுதியில் இருக்கும் மூன்று பேக்கரிகளிலும் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாமவர் அது ஏதோ வண்டி உதிரிபாகம் என்று நினைத்து எதிர்ச் சாரியில் இருந்த மெக்கானிக் கடையைக் காட்டினார். வேறு வழியில்லாமல்தான் புதன்கிழமை உங்களைப் போனில் கூப்பிட்டு, மூன்று வார்த்தையோடு நான்காவதாக ஒன்றையும் கேட்டேன்.

நீங்கள் "ஸ்கோனா?" என்று திருப்பிக் கேட்டீர்கள். பிறகு, "ஒரு நிமிஷம் இருங்க, கண்ணாடி எடுத்துட்டு வந்துடறேன்" என்றீர்கள். ஊன்றுகோல் தட்டும் சத்தம் கேட்டது. அலமாரி திறந்தது. காகிதம் சரசரத்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், எழுதி வைத்த பழைய நோட்டை எடுத்துப் பார்த்துச் சொல்லும் உங்கள் ஒழுங்கு எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. மாவு இரண்டு கப், பேக்கிங் பவுடர் மூன்று சிறு கரண்டி, குளிர்ந்த வெண்ணெய், சர்க்கரை, ஒரு கை உலர்ந்த பழம், முக்கால் கப் பால், அழுத்திப் பிசையக் கூடாது, இரண்டு விரல் கனத்துக்குத் தட்டி வட்டமாக வெட்ட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னீர்கள். அதே மூச்சில், "குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும். நிகர எடை ஒரு கிலோ" என்று முடித்து, நான் நன்றி சொல்வதற்குள் வைத்துவிட்டீர்கள்.

நான் போனைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். முப்பத்தொரு வருட உத்தியோகத்தில், எந்தச் சமையலறையிலிருந்தும் யாரும் என்னிடம் நிகர எடை என்று சொன்னதில்லை. காலஞ்சென்ற என் மனைவி, நிகர எடைக்கும் மொத்த எடைக்கும் வித்தியாசம் சொல்ல நான் வாயெடுத்தாலே துணி உலர்த்த மாடிக்குப் போய்விடுவாள். நாள் முழுக்க பஸ்ஸில் கண்டக்டராக நின்றுவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இருந்தாலும் விடாமல் இதையும் சுட்டு, எடையும் பார்த்து வைத்த ஒரு பெண்மணியின் வீட்டில் சம்பந்தம் செய்திருக்கிறோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. கப் என்பது ஒரு அளவே அல்ல, வீட்டுக்கு வீடு மாறும். அதனால்தான் என்னைப் போன்றவனுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று நீங்கள் கடைசியில் சரியான எடையைச் சொல்லியிருக்கிறீர்கள் என்று முடிவு கட்டி, வியாழக்கிழமை காலையில் டப்பாவில் இருந்த, மில்லில் அரைத்த கோதுமை மாவை ஒரு கிலோ, கிராம் பிசகாமல் நிறுத்துக் கொட்டிவிட்டேன். மற்றதெல்லாம் நீங்கள் சொன்ன இரண்டு கப்புக்கான கணக்கு. முக்கால் கப் பால் அந்த மாவுக்குள் போன இடம் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றினேன். அழுத்திப் பிசையக் கூடாது என்றீர்கள். பிசைய முடியவே இல்லை, குத்தத்தான் முடிந்தது. ஓவனில் அரை மணி நேரம் வைத்தும் உள்ளே பச்சையாகவும் வெளியே கறுப்பாகவும் இருந்தது. புகை நாற்றத்துக்கு மேல் வீட்டுப் பல் டாக்டர் என்ன ஏதென்று இறங்கி ஓடி வந்தார். வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாதென்று ஒன்றை எடுத்து நீட்டினேன். மரியாதைக்காகக் கடித்தார். ஒரு சத்தம் கேட்டது. பிறகு அவர் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று தன் வாயைத் தானே பரிசோதித்துக்கொண்டார். கடைவாய்ப் பல்லில் அவர் பார்த்துப் பார்த்துச் செய்து மாட்டிக்கொண்ட பீங்கான் உறை பிளந்திருந்தது. நல்ல மனிதர், கோபப்படவில்லை. நோயாளிகளுக்குக் காட்ட வேண்டும் என்று இரண்டை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று மாலை எனக்குப் புத்தி வந்தது. நிகர எடை என்று நீங்கள் சொன்னது மாவுக்கல்ல, பிசைந்து முடித்த மொத்தக் கலவைக்கு என்று புரிந்துகொண்டேன். (அப்படித்தான் அப்போது நினைத்தேன்.) வெள்ளிக்கிழமை எல்லாச் சாமான்களையும் அதற்கேற்பக் கூட்டி, கலவையைச் சரியாக ஒரு கிலோவுக்குக் கொண்டு வந்தேன். ஒரு கிலோவைப் பதினாறாகப் பிரித்தால் தலைக்கு அறுபத்திரண்டரை கிராம். டம்ளர் விளிம்பால் வெட்டினால் ஒன்று அறுபது, ஒன்று அறுபத்தாறு என்று இஷ்டத்துக்கு வந்தது. எனக்குப் பொறுக்குமா? கூடினதில் கிள்ளிக் குறைந்ததில் ஒட்டி, மறுபடி நிறுத்து, மறுபடி கிள்ளி, பதினாறும் முத்திரை குத்தும் அளவுக்கு ஒரே எடையாக வந்தபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது. வெண்ணெய் உருகி என் முழங்கை வரை வந்துவிட்டது. சுட்டு எடுத்தால் ஒன்றுகூட எழும்பவில்லை. பதினாறும் செருப்புக்குள் வைக்கும் அட்டை மாதிரி படுத்திருந்தன. பல் டாக்டர் இந்த முறை வாசற்படியிலேயே நின்று, ஒன்றை வளைத்துப் பார்த்துவிட்டு, பல்லுக்கு ஆபத்தில்லை என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை மூன்றாவது முறை உட்கார்ந்தபோது, சொல்வதற்கென்ன, எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் இரண்டு நாள்தான். தராசை முன்னால் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாகச் சமையலறைப் பக்கமே வராத உங்கள் மகள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, அந்தத் தராசை எடுத்து உள்ள வைங்க" என்றாள்.

அம்மாவே எடை சொல்லியிருக்கிறாரே என்றேன். "அம்மா இதுக்கு எடை போட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்ல மாமா. நீங்க சும்மா செய்யுங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாகத் தராசை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இரண்டு கப் மாவு. விரல் நுனியில் வெண்ணெயைத் தேய்த்து உதிர்த்தேன். பழத்தைப் போட்டுப் பாலை ஊற்றி, பட்டும் படாமல் சேர்த்து, தட்டி, டம்ளரால் வெட்டி, கால் மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். எட்டு வந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒன்று குண்டு, ஒன்று நோஞ்சான், ஒன்று பக்கத்திலிருந்ததன் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. ஆனால் எட்டும் எழும்பி, மேலே வெடித்து, வீடு முழுக்க மணத்தன. அந்த மணத்துக்கு உங்கள் மகள் எழுந்து ஓடவில்லை என்பதை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தேன்.

ஆறட்டும் மாமா என்றாள். ஆறியதும், "இப்போ வாணலியில வச்சு லேசா சூடு பண்ணிக் குடுங்க. அம்மா அப்படித்தான் தருவாங்க" என்றாள். ஓவனிலிருந்து சூடாக எடுத்ததை ஆறவிட்டு மறுபடி எதற்குச் சூடு செய்ய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் கைப்பக்குவத்தில் குறுக்கே பேச நான் யார் என்று நின்று சூடு செய்து கொடுத்தேன். ஒன்றரை சாப்பிட்டாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. தங்கிவிட்டது. மறுநாள் மூன்று சாப்பிட்டு, ஒரு டம்ளர் பாலும் குடித்தாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் எடை மேடையில் ஏறும் முன், ஓய்வு பெற்றபோது எனக்குப் பரிசாகக் கொடுத்த பித்தளை எடைக்கற்களைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்து அது ஒழுங்காகக் காட்டுகிறதா என்று பார்த்தேன். நர்ஸ் அம்மா என்னை வெளியே போகச் சொன்னார். அது நியாயமான எடை மேடைதான். நாற்பத்தாறு கிலோ எழுநூறு. முந்நூறு கிராம் கூடுதல். டாக்டரம்மா, சேர்க்க வேண்டாம், எது உள்ளே போகிறதோ அதையே கொடுங்கள் என்று சொன்னது என் வயிற்றில் பாலை வார்த்தது.

அந்த முந்நூறு கிராமும் உங்களுடையது சம்பந்தி அம்மா. கால் உடைந்து கிடந்தபடியே, உங்கள் குடும்பச் சொத்தான ஒரு ரகசியத்தை மூன்று வார்த்தைக்காரனான என்னை நம்பிக் கொடுத்தீர்கள். உங்கள் கைகளுக்கு என் வணக்கம். அந்தப் பழைய நோட்டுக்கும் என் வணக்கம். பிறக்கப்போகும் குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும் இதைத்தான் ஊட்டுவேன். உங்கள் கால் விரைவில் கூடி, நீங்கள் பழையபடி நடமாடி, பேரனோ பேத்தியோ எதுவானாலும் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத,
உங்கள் மகளின் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதைச் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. டப்பாவில் மாவு தீர்ந்ததால் இன்று காலை முதல் முறையாகக் கடையில் பாக்கெட் மாவு வாங்கி வந்தேன். பழக்கத்தில் எடை பார்ப்பதற்காகத் திருப்பினேன். முதுகுப் பக்கத்தில் உங்கள் குடும்ப ரகசியம் அச்சாகியிருந்தது. இரண்டு கப், மூன்று சிறு கரண்டி, இரண்டு விரல் கனம், குளிர்ந்த ஈரமில்லாத இடம், நிகர எடை ஒரு கிலோ, எல்லாம் எழுத்துப் பிசகாமல். வாழ்நாளில் லட்சம் பாக்கெட்டுகளின் முதுகைப் படித்தவன் நான்; போனில் ஒருவர் படித்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

உங்கள் மகளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சொன்னாள். "எட்டு வயசிலயே எனக்குத் தெரியும் மாமா. டிப்போ எதிர்ல இருக்கிற பேக்கரியிலதான் அம்மா ஸ்கோன் வாங்கிட்டு வருவாங்க. அதைச் சுத்தியிருந்த பேக்கரிக் காகிதத்தைச் சின்னதா மடிச்சுக் குப்பைக்கூடைக்கு அடியில ஒளிச்சு வைப்பாங்க. நானும் பார்க்காத மாதிரியே இருந்துட்டேன்."

பிறகு எதற்கு அம்மா கொடுப்பதுதான் வேண்டும் என்றாய் என்று கேட்டேன். "நாள் பூரா பஸ்ஸில நின்னுட்டு வந்து, செருப்பைக்கூடக் கழட்டாம, மறுபடி அடுப்புகிட்ட நின்னு எனக்குச் சூடு பண்ணிக் குடுப்பாங்க. அது வேணும்னு இருந்துச்சு மாமா" என்றாள். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதட்டுமா என்றேன். அப்படியே அனுப்பச் சொன்னாள்; அம்மா இனிமேல் காகிதத்தை ஒளிக்க வேண்டாம் என்றாள்.

ஆகவே, மேலே உங்கள் கைகளுக்குச் சொன்ன நன்றி முழுவதையும் இதன் மூலம் ரத்து செய்கிறேன். அதைக் கிராம் குறையாமல் உங்கள் கால்களுக்கு மாற்றிக்கொள்ளவும். உடைந்த காலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே போகட்டும், நான் நிறுக்கப்போவதில்லை. கட்டுப் பிரித்ததும் புறப்பட்டு வாருங்கள். ஸ்கோன் நான் சுடுகிறேன். நின்று சூடு செய்வதையும் நானே பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.