ஃப்ரீசர் பெட்டிக்குப் பின்னால் ஒரு நிபுணர்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் திடீரென்று உறுமி எழும்போதெல்லாம் என் வலது முழங்கை சில்லிட்டுப் போகும். கம்ப்ரசர் சத்தம் கேட்டால் மற்றவர்களுக்குக் கரண்ட் பில் ஞாபகம் வரும். எனக்கு நான் செத்த நாள் ஞாபகம் வரும். (ஆமாம், செத்திருக்கிறேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் சாட்சி உண்டு.)

அது அந்தப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். எங்கோ ஓர் அரசாங்கம், சொந்த ஜனங்களே தெருவில் நின்று வேண்டாம் என்று கத்தியும் கேட்காமல், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போரை ஆரம்பித்திருந்தது. அது கோணிக்கொண்டு போய், கடல்வழி அடைபட்டு, கப்பல்கள் நடுக்கடலில் கட்டிப்போட்ட மாடுகளைப் போல நின்றன. பிறகு அந்த நாட்டு மந்திரிகள் ஊர் ஊராகப் பறந்து, கப்பல் அனுப்புங்கள், படை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கோட்டு மட்டும் கசங்கவே இல்லை.

எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. நான் வசன கவிதை எழுதுகிறவன். ஆனால் என் கல்லூரித் தோழன் சேகர் திண்டிவனத்தில் ஒரு லோக்கல் சேனல் நடத்துகிறான். மாடியில் சேனல், கீழே ஷாமியானா, நாற்காலி, ஃப்ரீசர் பெட்டி வாடகை. ஜனனத்துக்கு வாழ்த்து ஸ்லைடு, மரணத்துக்குக் கண்ணீர் அஞ்சலி ஸ்லைடு என்று இரண்டு பக்கமும் வியாபாரம். அன்று மாலை போர் பற்றிப் பேச வேண்டிய பேராசிரியருக்குக் காய்ச்சல். பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டிக்காக நின்றிருந்த என்னைப் பிடித்து, "நீதான் எழுதறவனாச்சே, எதையாவது பேசு மச்சி" என்று மாடிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

முடியாது என்றுதான் சொல்லப் போனேன். அதற்குள் பவுடர் போட்டுவிட்டான். பவுடர் போட்ட பிறகு எனக்கு எல்லாம் தெரியும்.

ஸ்டுடியோவில் ஜன்னல் இல்லை. காலையில் யாருக்கோ போட்ட மல்லிகையின் வாடிய வாசனை. நீலத் துணி போர்த்திய ஒரு நீளமான மேஜைக்குப் பின்னால் என்னை உட்கார வைத்தான். முழங்கையை ஊன்றினேன். மேஜை ஜில்லென்றிருந்தது. சற்று நேரத்தில் அது மெதுவாக உறுமத் தொடங்கியது. துணிக்கு அடியில் யாரோ மூச்சு விடுவதைப் போல.

விளம்பர இடைவேளையில், இது என்ன என்று கேட்டேன்.

"பொட்டி ரிப்பேர் ஆயி வந்துருக்குது. ஓடுதான்னு பாத்துக்கினு இருக்கேன்" என்றான் சேகர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள யாரும் இல்லடா" என்றான். கொஞ்சம் யோசித்து, "இப்போதிக்கி" என்றான்.

அந்தக் குளிர் எலும்புக்குள் ஏறியதாலோ என்னவோ, அதற்கப்புறம் அபாரமாகப் பேசினேன். பத்திரிகை வைக்காமல் கல்யாணத்தை நடத்திவிட்டு, பந்தியில் சோறு தீர்ந்ததும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பங்காளி வீட்டுக்கு ஓடுகிறது அந்த அரசாங்கம் என்றேன். சேகர் கேமராவுக்குப் பின்னால் தலையாட்டினான். நான் என்னையே ரசித்தேன். பெட்டி உறுமியது.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. பிரம்மதேசத்திலிருந்து தேவகி என்றொரு பெண். அவளுடைய கணவர் அந்தக் கடலில் நிற்கிற கப்பலொன்றில் சமையல்காரர். அரிசி குறைந்துகொண்டே வருகிறது என்று சொன்னாராம். அதற்கப்புறம் போனே இல்லையாம். அழாமல், கணக்குக் கேட்பவள் போலக் கேட்டாள்: "பங்காளிங்க அண்டா குடுப்பாங்களா சார்? அவரு வந்துருவாரா?"

தெரியாது என்பது சின்னச் சொல். பவுடர் அதை வெளியே விடவில்லை. உலக நாடுகள் ஒன்று கூடிவிட்டன, பேச்சுவார்த்தை முடிகிற தறுவாயில் இருக்கிறது, கப்பல் இந்த வாரமே நகரும் என்றேன். ஆதாரம்? நீலத் துணி.

"நீங்க சொன்னா சரி சார்" என்று வைத்துவிட்டாள்.

ராத்திரி வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். நான் தூங்கும்போது சேகர் என் பேச்சை மறு ஒளிபரப்பு செய்தான். பெயர் போட வேண்டுமே. தினமும் போடுகிற ஸ்லைடைத் திறந்து, பழைய பெயரை அழித்து என் பெயரைப் போட்டான், பழைய படத்தை எடுத்துவிட்டு என் படத்தைப் போட்டான். மேலே இருந்த 'கண்ணீர் அஞ்சலி'யை மறந்துவிட்டான். கீழே வழக்கம்போல ஃப்ரீசர் பெட்டிக்கான போன் நம்பர். ஆக, திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஜனங்கள் என்ன பார்த்தார்கள் என்றால், செத்துப்போன ஒருவன், வெள்ளைச் சட்டையில், பவுடர் பூசிய முகத்தோடு, உலகத்துக்கு என்ன நடக்கப்போகிறது என்று விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தான்.

காலையில் வாசல் தெளிக்கப் போன என் மனைவியைக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டு அம்மா அழுதாள். என்ன ஏதென்று தெரியாமல் என் மனைவியும் அழுதாள். பல் விளக்கிக்கொண்டே நான் வெளியே வந்தபோது இருவரும் சேர்ந்து அலறினார்கள். அதே நேரம் ஒரு வேன் வந்து நின்றது. என் மைத்துனன், டிவியில் ஓடிய நம்பருக்கு அடித்துப் பெட்டி சொல்லியிருந்தான். இறங்கியது அதே பெட்டி. நீலத் துணி இல்லாமல், கண்ணாடி மூடியோடு. மூடியில் மங்கலாக ஒரு தடம். என் முழங்கை.

டிரைவர் என்னிடமே, "பாடி எங்க சார்?" என்று கேட்டான்.

"நான்தாம்பா."

"பேஜார் பண்ணாத சார். ஜல்தி சொல்லு, கண்டாச்சிபுரத்துல இன்னொன்னு நிக்குது."

ஓடுகிறதா பார்க்க அவன் வேன் பேட்டரியில் கம்பியைச் சொருகினான். பெட்டி உறுமியது. காலை வெயிலில், எனக்கென்று குளிர்ந்துகொண்டிருந்த அந்தக் காலி இடத்தை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அளவுக்குச் சரியாகவே இருந்தது.

இப்போதும் வீட்டில் நான் எதையாவது அழுத்திச் சொன்னால், "இது செத்தவன் பேச்சா, பல்லு வெளக்கறவன் பேச்சா?" என்று என் மனைவி கேட்பாள். மைத்துனன் ஒவ்வொரு பொங்கலுக்கும் பெட்டிக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பான். இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கும் தைரியம் அந்தச் சமையல்காரர் ஊர் திரும்பிய பிறகுதான் எங்களுக்கு வந்தது. வெகுநாள் கழித்து, வேறொரு நாட்டு மீன்பிடிக் கப்பலில், எந்த மந்திரியும் கேட்காத ஓர் உதவியால் வந்தார்.

ஆனால் அன்று காலை அது யாருக்கும் தெரியாது. ஸ்லைடில் இருந்த நம்பரில் விலாசம் கேட்டு, முதல் பஸ் பிடித்து, சாமந்தி மாலையோடு வாசலில் வந்து நின்ற தேவகிக்கும் தெரியாது. குரலை வைத்துத்தான் அவளை அடையாளம் கண்டேன்.

"நீங்க... இருக்கீங்களா சார்?"

"இருக்கேன்மா. டிவில தப்பாப் போட்டுட்டாங்க."

அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்போ நீங்க டிவில சொன்னது?"

பேஸ்ட் நுரை வாயில் காய்ந்திருந்தது. பவுடர் இல்லை. "தெரியாதும்மா. நேத்தும் எனக்குத் தெரியாது" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். டிரைவர் மாலைக்குக் கையை நீட்டினான், கண்டாச்சிபுரத்துக்கு ஆகும் என்று. மாலையை அவனிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அவள் சொன்னாள்:

"நேத்து டிவில ரெண்டு சேதி வந்துச்சு சார். ஒண்ணு பொய்யாப் போச்சு, நல்லதாப் போச்சு. இன்னொண்ணாவது நெசமாவட்டும். நான் வர்றேன்."