ஏழு பாண்ட் மாப்பிள்ளையும் என் பெரிய ட்ரம்மும்

எனக்கு ஓர் ஆங்கிலச் சொல்லோடு தீராத பகை. பாண்ட். அதை எழுத்துக்கூட்டக்கூட எனக்கு ஒழுங்காகத் தெரியாது (ஒன்பதாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன்). ஆனால் அது எனக்கு அடித்த அடியை எந்த வாத்தியாரும் அடித்ததில்லை.

சின்ன வயதில் பாண்ட் என்றால் எங்கள் வீட்டு றேடியோ. மூன்று பாண்ட் றேடியோ, அதில் ஒன்றுதான் வேலை செய்தது. பிறகு தங்கச்சி வசந்தி தலையில் மாட்டிய பாண்ட். பிறகு பள்ளிக்கூட பாண்ட். அதில் ட்ரம் அடிக்க என்னைத் தெரிந்தெடுத்துவிட்டு, வெள்ளைச் சப்பாத்து இல்லை என்று இரண்டாம் கிழமையே நிறுத்தினார்கள். சப்பாத்து இல்லாதது உண்மை. கையால் அடிக்கிற சாமானுக்குக் காலில் ஏன் சப்பாத்து என்று நான் கேட்டதும் உண்மை. அதன்பிறகு எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை.

மன்னாரில் கருவாடு காயப்போடும் வாடி, கொழும்பில் கடை, தொண்டைமானாற்றில் வள்ளம் என்று எங்கும் ஒரு வருடம் தரிக்காமல் திரிந்து, இருபத்தாறு வயதில் நெல்லியடியில் இன்னொரு பாண்டில் வந்து விழுந்தேன். ஐந்து பேர். செத்தவீடுகளுக்கு வாசிப்பது. ட்ரம்பெட் ஊதுகிற ராசன் அண்ணைதான் முதலாளி. நான் பெரிய ட்ரம். நெஞ்சில் அதைக் கட்டினால் முன்னால் போகிற பிரேதம் கண்ணுக்குத் தெரியாது. அது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் வசந்திக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை லண்டன் போக ஆங்கிலச் சோதனை எழுதி ஏழு பாண்ட் எடுத்தவர். அந்தப் புள்ளிக்கும் பாண்ட் என்றுதான் பெயராம். மாப்பிள்ளையின் தாய் மகேசு மாமி, வீதியால் போகிறவர்களையும் மறித்து, "என்ரை பிள்ளை ஏழு பாண்ட்" என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவரும் ஏதோ பாண்டிலையாம்" என்பார். (அந்த 'ஏதோ' அம்மிக்கல் பாரம்.) நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். அப்பா இல்லாத வீட்டில் தங்கச்சியின் கலியாணம் ஒப்பேறவேண்டும், வேறென்ன செய்ய.

கலியாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கினார்கள். தாலிக்கான பொன்னை நல்ல நேரம் பார்த்து உருக்குவது. அதில் நின்ற இரண்டு வீட்டாரும் கலியாணம் முடியும்வரை செத்தவீட்டுப் பக்கம் தலை காட்டக்கூடாது. அதிலும் நான் மாப்பிள்ளைத் தோழன். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலை நான் கழுவ, அவர் எனக்கு மோதிரம் போடுவார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒரு சபையில் எனக்கென்று ஓர் இடம்.

அடுத்த நாள் காலை ராசன் அண்ணை எங்கள் வாசல் படலையில் வந்து நின்றார்.

"தம்பி, நீர்வேலியிலை ஒரு கிழவன் செத்துப்போச்சு. கனடா மகன் வந்து நிக்கிறான். முழு பாண்டும் வேணுமாம்."

"பொன்னுருக்கிப் போட்டம் அண்ணை. ஏலாது."

"பெரிய ட்ரம் இல்லாமல் நாங்கள் என்ன பாண்ட்? திருவிழாவிலை பீப்பீ ஊதிக்கொண்டு போற பெடியள் மாதிரி இருக்கும்."

"ஆரும் கண்டால்?"

"நீர்வேலியிலை உன்னை ஆருக்கடா தெரியும்? அங்கை நிக்கிறது வாழைமரம்."

மறுத்திருக்கவேண்டும். ஆனால் எனக்குள் ஒரு கோபம் கிளம்பியது. செத்தவீட்டில் உழைத்து வாங்கிய நகை கலியாணத்துக்கு ஆகும், உழைத்தவன் மட்டும் ஆகமாட்டானா? (கோபத்தில் நான் எடுத்த முடிவுகளில் ஒன்றாவது உருப்பட்டதாக ஞாபகம் இல்லை.) கறுப்புக் கண்ணாடி போட்டு, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன்.

அங்கே வீடியோக்காரர் இரண்டு பேர் நின்றார்கள். படம் கனடாவுக்குத்தானே போகப்போகிறது, போகட்டும் என்று நினைத்தேன். அது அந்த நிமிடமே லைவில் உலகமெல்லாம் போய்க்கொண்டிருந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக நிற்கிறவனை எந்தக் கமரா விடும்? போதாததற்கு மாமியின் 'ஏதோ' வேறு மண்டைக்குள் சுழன்றது. அந்த ஆத்திரத்தையெல்லாம் ட்ரம்மில் இறக்கினேன். தடியை மேலே எறிந்து பிடித்தேன். ஒருதரம் சுழன்றும் அடித்தேன். பிறகு பார்த்தபோது, அந்த லைவில் செத்தவரைவிட நான்தான் கூடுதலாக வந்திருந்தேன். கீழே ஒருவர் 'ஆழ்ந்த அனுதாபங்கள், ட்ரம்காரர் சூப்பர்' என்று எழுதியிருந்தார்.

மாப்பிள்ளையின் பெரியம்மா ரொறன்ரோவில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பொன்னுருக்குப் படத்தில் கண்ட முகம், தொப்பியையும் தாண்டித் தெரிந்துவிட்டது. நான் சுடலையில் ட்ரம்மைக் கழற்ற முன்னமே மாமிக்குப் போனில் கோல் வந்துவிட்டது.

முழுகிவிட்டு நான் வீட்டுக்கு வரும்போது மாமி எங்கள் முற்றத்தில் நின்றார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வசந்தி கதவுக்குப் பின்னால்.

"உவன் செய்த வேலையைப் பாருங்கோ," என்று மாமி போனை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "பொன்னுருக்கின கையோடை பிரேதத்துக்கு அடிக்கிறான். என்ரை ஏழு பாண்ட் பிள்ளைக்கு உந்தத் தரித்திரம் வேணுமோ? கலியாணத்தை நிப்பாட்டுவம்."

வசந்தி கதவுக்குப் பின்னால் நின்றபடி, "அண்ணை, நீ போகேல்லை எண்டு சொல்லு," என்றாள்.

போனில் நான் தடியை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தேன். எப்படிச் சொல்வது?

"மாமி, உதை எவ்வளவு நேரம் பாத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"முழுக்கப் பாத்தன். நீதானோ எண்டு நிச்சயப்படுத்தத் திருப்பியும் பாத்தன்."

"எங்கையிருந்து?"

"எங்கடை வீட்டு விறாந்தையிலை இருந்துதான்."

"பொன்னுருக்கின விறாந்தையிலையோ?"

மாமி போனைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்தார்.

"நான் ஒருக்காத்தான் செத்தவீட்டுக்குப் போனனான். நீங்கள் ரண்டுதரம் செத்தவீட்டைக் கலியாண வீட்டுக்குள்ளை கொண்டுவந்திருக்கிறியள்."

"போனிலை பாக்கிறது வேறை," என்றார் மாமி. ஆனால் குரலில் பழைய பாரம் இல்லை.

கடைசியில் ஐயருக்குக் கோல் எடுத்தார்கள். ஐயர் நீதிமான். கலியாணம் நடக்கலாம் என்றார். மாமியின் வீட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தால் போதும் என்றார். நான் தோழனாக நிற்கவும் கூடாது, மண்டபத்துக்கு வரவும் கூடாது என்றார். குற்றம் இரண்டு பேருடையது. ஒருவருக்கு மஞ்சள் தண்ணீர், மற்றவருக்கு நாடுகடத்தல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஐயர் வீட்டு வாசலில் போய் ட்ரம் அடித்திருப்பேன். வசந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓம் என்று தலையாட்டினேன்.

கலியாணத்தன்று வீட்டில் நானும் நாயும்தான். மாப்பிள்ளையின் காலைச் சித்தப்பாவின் மகன் கழுவினான். மோதிரம் அவன் விரலுக்குப் போனது. இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? லைவ் போட்டார்கள். அதே வீடியோக்காரர். தாலி கட்டுகிற நேரத்தில் சிக்னல் போய்ப் படம் உறைந்து நின்றது. உறைந்த படத்தில் தாலியும் இல்லை, தங்கச்சியும் இல்லை. மகேசு மாமி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். என் ஒரே தங்கச்சியின் கழுத்தில் தாலி ஏறும்போது நான் கண்டது அந்தக் கொட்டாவியைத்தான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வசந்தி லண்டன் போய் வருடங்களாகிவிட்டன. போன மாதம் மாமி கோல் எடுத்தார். குரலில் ஒரே பெருமை.

"தம்பி, பேரன் லண்டனிலை பள்ளிக்கூட பாண்டிலை சேந்திட்டான். பெரிய ட்ரம். லைவிலை காட்டினவை, பாத்தனியோ?"

பார்த்திருந்தேன். என் மருமகன், வசந்தியின் மகன், வெள்ளைச் சப்பாத்துப் போட்டிருந்தான். தடியை மேலே எறிந்து பிடித்தான். ஆனால் அதை மாமிக்கு நான் ஏன் சொல்லவேண்டும்?

"இல்லை மாமி," என்றேன். "ஆரின்ரை செத்தவீடு?"

கோல் கட்டாகிவிட்டது.

மாமி அதை மகனிடம் முறையிட, அவர் வசந்தியிடம் சொல்ல, இரண்டு வீடும் இப்போது அதையே பகிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எவர் வீட்டில் லைவ் என்றாலும் முதல் கேள்வி, "ஆரின்ரை செத்தவீடு?" நேற்று ஏழு பாண்ட் மாப்பிள்ளையே கோல் எடுத்தார்.

"மச்சான், சனிக்கிழமை வசந்தியின்ரை பிறந்தநாள். லைவ் போடுறம். ஒருத்தரும் சாகேல்லை, பயப்பிடாமல் பாருங்கோ."